பருவம் முடியும்போது வரும் டுரியான்: மழை, புழு, அழுகல்

கூலிம் வட்டாரத்தில் டுரியான் பருவத்தின் உச்சம் பொதுவாக ஜூன் முதல் ஆகஸ்டு வரை. அந்த மாதங்களில் கரங்கான், மாகாங், சிடிம் பக்கத்துச் சாலையோரக் கடைகளில் பழம் குவிந்து கிடக்கும். அப்போது கிலோவுக்குப் பேசும் விலை ஒன்று. குவியல் சிறுத்த பிறகு பேசும் விலை வேறு. வரத்து குறைந்தால் விலை பிடிக்கும் என்பது சந்தைக் கணக்கு. அதை நம்பித்தான் பலரும் கடைசிப் பழங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஆனால் பழத்தைப் பிளந்து பார்க்கும்போது அந்தக் கணக்கு பல வேளைகளில் பொய்த்துப் போகிறது. சுளை நீர்த்திருக்கிறது; கொட்டைக்குள் புழு இருந்த தடம் தெரிகிறது; தோலில் பழுப்பு நிறத்தில் அழுகல் படர்ந்திருக்கிறது. வாங்க வந்த தவுக்கே பாதிப் பழத்தை ஒதுக்கிவிட்டு மீதிக்கு விலை சொல்கிறார். பால்மரத் தோட்டங்களை விட்டு வெளியேறி ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கரில் டுரியான் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய இழப்பல்ல. அடுத்த ஆண்டின் உரச் செலவே அந்தக் கடைசிப் பழங்களில்தான் இருக்கிறது.

பிந்தி வரும் பழம் ஏன் இத்தனை தொல்லைக்கு உள்ளாகிறது? அதில் எவற்றை நம்மால் தடுக்க முடியும்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

ஒரே மரம், இரண்டு வயதுப் பழங்கள்

டுரியான் மரம் பூக்க அதற்கு ஒரு தாகம் வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரம் மழையில்லாமல் காய்ந்தால் கிளைகளில் மொட்டுகள் கிளம்பும். கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் வரும் வறட்சிதான் பெரிய பூப்பூக்கும் காலத்தைத் தொடங்கி வைக்கிறது. ஆனால் வானிலை நேர்கோட்டில் போவதில்லை. இடையில் மழை வந்து, பிறகு மீண்டும் ஒரு காய்ச்சல் வந்தால், அதே மரத்தில் இரண்டாம் தடவை மொட்டு வரும். ஒரு கிளையில் தலை அளவுக் காயும் இன்னொரு கிளையில் பூவும் தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பூ மலர்ந்ததிலிருந்து பழம் விழுவதற்கு, இரகத்தைப் பொறுத்து, மூன்று மாதம் முதல் நாலரை மாதம் வரை ஆகும். 110 நாள் எடுக்கும் ஓர் இரகத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். மார்ச் 10-இல் பூத்தது ஜூன் 28 வாக்கில் விழும். மே 25-இல் பூத்தது செப்டம்பர் 12 வாக்கில் விழும். தீபகற்பத்தின் வடபகுதியில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுந்த மாதங்கள். அதாவது முதல் பழம் வெயிலில் முற்றுகிறது. இரண்டாவது பழம் மழையில் முற்றுகிறது. பிந்திய பழத்தின் தொல்லைகள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

அதனால்தான் பூத்த நாளைக் குறித்து வைப்பது முக்கியம். பூ மலர்ந்த வாரத்தை ஒரு நிறக் கயிற்றால் கிளையில் அடையாளம் கட்டுங்கள். இரண்டாம் பூவுக்கு வேறு நிறம். இது செலவில்லாத வேலை. ஆனால் பின்னால் சொல்லப்போகும் எல்லா முடிவுகளுக்கும் இந்தத் தேதிதான் அடிப்படை.

சுளை ஏன் நீர்த்துப் போகிறது?

காய் முற்றும் கடைசி வாரங்களில் சுளையில் மாவுச்சத்து சேர்கிறது. பழுக்கும்போது அது சர்க்கரையாக மாறுகிறது. மாவுச்சத்தைச் செய்வது இலை. அதற்கு வெயில் வேண்டும். தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் இலையின் உற்பத்தி குறைகிறது. அதே வேளையில் ஈரமண்ணிலிருந்து வேர் நிறையத் தண்ணீரை ஏற்றுகிறது. வருவாய் குறைந்து நீர் கூடினால் சுளை சப்பென்று, கையில் ஒட்டும் ஈரத்தோடு இருப்பதில் வியப்பில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நல்ல மழை பெய்தவுடன் மரம் புதுத் தளிர் விடும். தளிர் வளரும் வரை அது உணவைச் செய்வதில்லை, வாங்கித்தான் தின்கிறது. ஒரே அடுக்களையில் இரண்டு பந்தி உட்கார்ந்தால் யாருக்கும் வயிறு நிறையாது. காய் உதிர்வதும், ஒரே பழத்தில் ஓர் அறை பழுத்து அடுத்த அறை கட்டியாக நிற்பதும் இப்படித்தான் நேர்கின்றன.

மழையை நிறுத்த முடியாது. ஆனால் தண்ணீர் தேங்குவதை நிறுத்தலாம். வேருக்கும் மூச்சு வேண்டும். நீர் நிறைந்த மண்ணில் காற்றுக்கு இடமில்லை. மரத்தைச் சுற்றியுள்ள வடிகாலை ஆகஸ்டுக்கு முன்பே தூர் வாருங்கள். காய் முற்றும் நேரத்தில் தழைச்சத்து மிகுந்த உரத்தைப் போட்டுத் தளிரை நீங்களே கிளப்பிவிடாதீர்கள்.

துளையைப் பார்த்துத் திருடனைச் சொல்லுங்கள்

பழத்தில் துளை கண்டால் எல்லாவற்றையும் ‘புழு’ என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். உண்மையில் குறைந்தது மூன்று வேறு திருடர்கள் இருக்கிறார்கள். யார் என்று தெரியாமல் மருந்து அடிப்பது வீண்.

முதல் திருடன் பழத்துளைப்பான். இது மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளிகள் கொண்ட ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழு. வெளியிலிருந்து தோலைத் துளைத்து உள்ளே போகும். துளை வாயில் எச்சமும் நூல்போன்ற பின்னலும் ஒட்டியிருக்கும். இரண்டு காய்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம் இதற்கு மிகவும் பிடிக்கும்; மறைவிடம் கிடைக்கிறதல்லவா? ஆகவே கொத்துக் காய்களைச் சிறுவயதிலேயே கலைத்துக் குறையுங்கள். குறைக்க மனமில்லை என்றால் இரண்டு காய்களுக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி விலக்குங்கள்.

இரண்டாம் திருடன் கொட்டைத்துளைப்பான். ‘முடாரியா’ என்னும் பேரினத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சி இது. தாய்ப்பூச்சி இளங்காயின் தோலில் முட்டையிடும். பொரிந்த புழு மிகச் சிறியது. அது நுழைந்த துளை காய் வளர வளர மூடிக்கொள்ளும். உள்ளே அது கொட்டையைத் தின்று மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். அதுவரை வெளியே ஓர் அறிகுறியும் இருக்காது. காய் முற்றும் நேரத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு வெளியேறி, மண்ணில் விழுந்து, அங்கே கூட்டுப்புழுவாக மாறும். மாதக்கணக்கில் மண்ணுக்குள் காத்திருந்து, ஈரம் கண்டதும் பூச்சியாக எழும்பும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். துளை உங்கள் கண்ணில் படும்போது புழு ஏற்கெனவே போய்விட்டது. அது நுழைந்த துளையல்ல, வெளியேறிய துளை. அப்போது மருந்து அடித்தால் யார் மேல் படும்? பழத்தின் மேல்தான். இந்தப் பூச்சியைத் தடுக்க வேண்டிய காலம் காய் இளசாக இருக்கும்போது. தாய்லாந்துத் தோட்டங்களில் விளக்குப் பொறி வைத்துப் பூச்சி எழும்பும் வாரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். சிலர் காய்க்கு ஒன்றரை மாத வயதானதும் அடியில் நீர் வடியத் துளையிட்ட உறையை மாட்டிவிடுகிறார்கள். எட்டக்கூடிய உயரத்தில் நல்ல இரகம் வைத்திருப்பவர்களுக்கு உறை மாட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பிந்திய பூவும் இதில் உதவுவது பூச்சிக்குத்தான். ஒரே தடவையில் பூத்து ஒரே தடவையில் காய்த்தால், இளங்காய் கிடைக்கும் நாட்கள் குறைவு. இரண்டு மூன்று வயதுக் காய்கள் தோப்பில் இருந்தால், எந்த வாரம் எழும்பிய பூச்சிக்கும் பந்தி தயாராக இருக்கிறது.

மூன்றாவது அணில். அதன் துளை பெரியது, ஓரம் பல்பட்டுக் கிழிந்திருக்கும். அடிமரத்தில் வழுக்கும் தகரத்தைச் சுற்றி அடித்து, பக்கத்து மரக்கிளைகளை விலக்கி வெட்டினால் அதன் வரத்து குறையும்.

பால்மரத்தில் பார்த்த பழைய எதிரி

மழைக்காலத்தில் பால் வெட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். வெட்டிய பட்டைக்கு மேலே கறுப்புக் கோடுகள் விழுந்து பட்டை அழுகுவதைப் பார்த்திருப்பார்கள். அந்த நோயை உண்டாக்குவதில் ஒன்றுதான் இன்று டுரியான் பழத்தையும் அடிமரத்தையும் அழுக வைக்கிறது. அதன் பெயர் ‘பைட்டோப்தோரா பால்மிவோரா’. கொக்கோ காய் கறுத்து அழுகுவதற்கும் இதுவே காரணம். பழைய ரப்பர் நிலத்தில் டுரியான் நட்டிருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்வைக்குப் பூஞ்சைபோல் இருந்தாலும் இது உண்மையான பூஞ்சை அல்ல. உயிரின வகைப்பாட்டில் பழுப்புக் கடற்பாசிகளுக்கு நெருங்கிய நீர்ப்பூசண வகையைச் சேர்ந்தது. அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோயும் இதே பேரினத்துக் கிருமிதான். இதன் வித்துகளுக்கு இரண்டு சாட்டை போன்ற இழைகள் உண்டு. அவற்றால் நீரில் நீந்தும். ஆகவே இலையிலும் பழத்திலும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் நீண்ட நேரம் நின்றால் போதும், நோய்க்குச் சாலை போட்டுக் கொடுத்த மாதிரி.

கிருமி மண்ணில் இருக்கிறது. மழைத்துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போது தாழ்ந்த கிளைப் பழங்களுக்கு ஏறுகிறது. மண் சுமக்கும் எறும்புகளாலும் மேலே போகிறது. பழத்தோலில் பழுப்புப் புள்ளி விழுந்து, விரிந்து, ஈரநாளில் வெள்ளைப் பூசணமாகப் படரும். அடிமரத்தில் தாக்கினால் பட்டையில் ஈரக்கசிவு தெரியும். சுரண்டிப் பார்த்தால் உள்பட்டை செம்பழுப்பாக இருக்கும். அது மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டால் பல ஆண்டு உழைப்பு ஒரே பருவத்தில் பட்டுப்போகும். பழ அழுகலால் போவது இந்த ஆண்டு வருமானம். பட்டை அழுகலால் போவது மரமே.

தடுப்பு முறைகள் எல்லாம் நீரையும் தெறிப்பையும் குறிவைத்தவை. தரையிலிருந்து ஒரு மீட்டர் வரையாவது கிளைகளை நீக்குங்கள். மரத்தடியை மொட்டையாகச் சுரண்டி வைக்காதீர்கள். குட்டையாக வெட்டிய புல் மழைத்துளியைத் தாங்கித் தெறிப்பைக் குறைக்கும். நெருங்கிய உள்கிளைகளைக் கழித்தால் காற்று புகுந்து பழம் விரைவில் உலரும். அழுகிய பழத்தை மரத்திலேயே தொங்க விடாதீர்கள். பட்டைப் புண் சிறிதாக இருக்கும்போதே நோய்ப்பகுதியைச் செதுக்கி, பரிந்துரைக்கப்பட்ட மருந்தைப் பூச வேண்டும். பொஸ்போனேட் மருந்தை அடிமரத்தில் ஊசிவழி செலுத்தும் முறையும் டுரியானில் பயன்படுகிறது. இலையில் செய்த உணவு போகும் குழாய்களிலேயே இது மேலும் கீழும் பயணம் செய்வதால் வேர் வரை எட்டுகிறது. அளவும் காலமும் விவசாய இலாகா அதிகாரியிடம் கேட்டுச் செய்ய வேண்டியவை.

விழும்வரை காத்திருப்பது எதற்கு?

டுரியான் பழுப்பதை நடத்துவது எத்திலீன் என்னும் வாயு. வாழைப்பழத்தோடு மாங்காயை ஒரே பையில் கட்டி வைத்தால் மாங்காய் சீக்கிரம் பழுக்கிறதே, அதே வாயுதான். முற்றிய டுரியானில் எத்திலீன் எழும்பும்போது காம்பின் மூட்டில் உள்ள உயிரணுக்கள் பிரிகின்றன, பழம் விழுகிறது.

சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2017-இல் மூசாங் கிங் டுரியானின் மரபணுத் தொகுதியை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 46,000 மரபணுக்கள் அதில் இருந்தன. மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும் ஒரு மரபணு டுரியானில் பல படிகளாகப் பெருகியிருப்பதைக் கண்டார்கள். அது கையாளும் மெத்தியோனின் என்னும் பொருளிலிருந்துதான் எத்திலீனும் பிறக்கிறது. பழுப்பதும் மணப்பதும் ஒரே அடுப்பில் ஏறுவதால்தான் மணம் வந்ததும் பழம் தயார் என்று நமக்குத் தெரிகிறது.

தாய்லாந்தில் முற்றிய காயை மரத்திலிருந்து வெட்டி இறக்குகிறார்கள். அது சில நாட்கள் கழித்துப் பழுக்கும், நெடுந்தூரம் போகும். நம் நாட்டுப் பழக்கம் தானாக விழவிடுவது. சுவை முழுமையாக இருக்கும். ஆனால் ஓரிரு நாட்களில் விற்றாக வேண்டும். மழைக்காலத்தில் இந்த அவகாசம் இன்னும் சுருங்குகிறது. ஈரமண்ணில் இரவெல்லாம் கிடந்த பழம் கிருமியை அள்ளிக்கொள்கிறது. தோல் வெடித்தால் எறும்பும் உள்ளே போய்விடும்.

எனவே பருவ முடிவில் பழம் பொறுக்கும் முறை மாற வேண்டும். வலை கட்ட முடிந்தவர்கள் கட்டுங்கள். மூசாங் கிங், கறுப்பு முள் போன்ற விலை கூடிய இரகங்களைக் கயிற்றால் கிளையோடு கட்டி வையுங்கள். காம்பு விட்டாலும் பழம் தரையைத் தொடாது. காலையில் ஒரு தடவை என்பதை, மழை நாளில் இரண்டு மூன்று தடவையாக்குங்கள். துளையுள்ளது, அழுகியது, நல்லது என்று தோப்பிலேயே மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பழத்தின் அழுகல் கூடை முழுவதையும் கெடுக்கும்.

மலேசியாவின் புதிய டுரியானைச் சீனா வாங்குவதற்கு 2024 ஜூனில் உடன்பாடு கையெழுத்தானது. அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் சரக்கு போனது. அந்தச் சந்தைக்கு மைகேப் சான்றிதழும் தோட்டப் பதிவும் வேண்டும். மாவுப்பூச்சி போன்றவை ஒட்டியிருந்தால் பழம் திரும்பும். சிறு தோட்டக்காரர் நேரடியாக ஏற்றுமதி செய்யாவிட்டாலும், அவரிடம் வாங்குபவர் இதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்.

மருந்தில் ஒரு சிக்கல்

எந்த மருந்துப் புட்டியிலும் ‘அடித்த பிறகு இத்தனை நாள் கழித்து அறுவடை’ என்று எழுதியிருக்கும். நெல்லுக்கு அந்தக் கணக்கு எளிது. அறுவடைக்கு ஒரு நாள் உண்டு. விழவிட்டுப் பொறுக்கும் டுரியானுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. முதல் பழம் விழத் தொடங்கியபின் வாரக்கணக்கில் தினமும் அறுவடைதான். இன்று அடித்தால் நாளைக் காலை விழும் பழத்துக்குக் காத்திருப்பு நாள் ஒன்றுகூட இல்லை. ஆகவே உங்கள் கயிற்று அடையாளத்தைப் பார்த்து, முதல் பழம் விழும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அதற்கு முன்பே மருந்தை நிறுத்திவிட வேண்டும். மரத்தில் இரண்டு வயதுக் காய்கள் இருந்தால் மூத்த காயை வைத்துத்தான் கணக்கு. இளங்காய்க்கு உறை மாட்டுவதே அப்போது மிஞ்சும் வழி.

பழைய சரக்கு கொட்டகையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை. குளோர்பைரிபோஸ், கார்போபுரான் ஆகியவை 2023 மே மாதம் முதல் விவசாயத்துக்குத் தடை. ‘மிச்சம் இருக்கிறதே’ என்று அவற்றைத் தெளிக்கக் கூடாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் பழத்தைத்தான் தின்கிறார்கள்.

வௌவாலை விரட்டாதீர்கள்

பழம் கடித்த கோபத்தில் வௌவாலுக்கு வலை விரிப்பவர்கள் உண்டு. டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவில் மகரந்தத்தை வெளியிட்டு, விடிவதற்குள் உதிர்ந்துவிடும். பகல் தேனீக்கு அங்கே அதிக வேலையில்லை. குகைகளில் வாழும் தேன் வௌவால்தான் முக்கிய மகரந்தத் தூதுவர். பெத்தாய் மரத்துக்கும் அதுவே தூதுவர். பல டுரியான் இரகங்கள் தம் சொந்த மகரந்தத்தால் நன்றாகக் காய்ப்பதில்லை. வேறு இரகத்து மகரந்தம் வேண்டும். அதைச் சுமந்து வருவது வௌவால். முட்கள் நிறைந்த தடித்த தோலைக் கிழிக்க அதற்கு வலுவும் இல்லை. ஒரே இரகத்தைத் தோப்பு முழுக்க நடாமல் இரண்டு மூன்று இரகங்களைக் கலந்து வைப்பதற்கும் இதுவே காரணம்.

கடைசிப் பழம் விழுந்த பிறகு

பருவம் முடிந்ததும் தோப்பைப் பூட்டிவிட்டுப் போவதுதான் பெரிய தவறு. அடுத்த ஆண்டின் புழுவும் அழுகலும் இந்த ஆண்டின் குப்பையில்தான் தங்குகின்றன. கடைசிப் பழம் விழுந்த முதல் மாதத்தில் இவற்றைச் செய்து முடியுங்கள்:

1. விழுந்த, அழுகிய, துளைபட்ட பழங்கள் அனைத்தையும் பொறுக்குங்கள். அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் புதையுங்கள், அல்லது தடித்த கறுப்புப் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். புழு மண்ணுக்குப் போகும் வழி அடைபட வேண்டும்.

2. விற்ற பழங்களின் தோலையும் மரத்தடியில் கொட்டாதீர்கள். தனியாகக் குவித்து நன்கு மக்கிய பிறகு உரமாகப் போடலாம்.

3. காய்ந்த கிளைகளையும் செங்குத்தாகக் கிளம்பும் நீர்த்தண்டுகளையும் வெட்டுங்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் முன் கத்தியைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

4. ஒவ்வொரு அடிமரத்தையும் சுற்றி வந்து கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ட மரத்துக்கு அடையாளம் இட்டு உடனே சிகிச்சை செய்யுங்கள்.

5. மண்ணின் புளிப்புத் தன்மையைச் சோதித்து, தேவைப்பட்டால் சுண்ணாம்பு இடுங்கள். பிறகு 15:15:15 போன்ற சமச்சத்து உரத்தால் மரத்தைத் தேற்றுங்கள். பூப்பருவம் நெருங்கும்போது சாம்பல் சத்து கூடிய 12:12:17:2 உரத்துக்கு மாறலாம்.

6. எந்த மரம் எப்போது பூத்தது, எத்தனை பழம் தந்தது, எத்தனை கெட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் பூவை வைத்துக்கொள்வதா, கலைத்துவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டிய நேரத்தில் அந்த நோட்டுதான் பதில் சொல்லும். மூன்று ஆண்டுகளாகப் பிந்திய காயில் பாதிக்கு மேல் ஒதுக்கப்படும் மரம் என்றால், பூவிலேயே உதிர்த்து மரத்துக்கு ஓய்வு கொடுப்பது நட்டமல்ல. அந்தச் சத்து அடுத்த ஆண்டு முதல் பூவுக்குப் போகும். மாறாக, மேட்டில் நின்று, நீர் நன்றாக வடிந்து, பிந்திய பழமும் கெட்டியாகத் தரும் மரம் உங்களிடம் இருக்கலாம். அதற்கு உறையும் கயிறும் முதலில் வாங்குங்கள்.